காய்ச்சல் விட்ட நாள்

2024 மழைக்காலம். பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில் இருக்கும் என் அக்காவுக்கு ஐந்தாவது நாள் காய்ச்சல் விட்டது. நாலு நாளாக 103, 104 என்று கொதித்துக் கிடந்தவள், அன்று காலை எழுந்து குளித்து, ரசம் வைத்துவிட்டு எனக்குப் போன் செய்தாள். "விட்டுடுச்சுடி, இனிமே ஒண்ணுமில்ல" என்றாள். முந்தின நாள் போன மருத்துவமனையிலும் கிட்டத்தட்ட இதையே சொல்லி அனுப்பியிருந்தார்கள். டெங்குதான், ஆனால் பிளேட்லெட் 1,10,000 இருக்கிறது, பயமில்லை, வீட்டில் ஓய்வெடுங்கள் என்று. என்ன ஆனால் திரும்பி வர வேண்டும் என்பதை யாரும் சொல்லவில்லை.

சாயங்காலம் நாலு மணிக்கு வயிறு வலிக்கிறது என்றாள். இரண்டு முறை வாந்தி. ஆறு மணிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பேச்சு தெளிவாகத்தான் இருந்தது. கையைப் பிடித்தால் சில்லென்று இருந்தது. மழைக்குளிர் என்று விட்டுவிடலாம். ஆனால் கழுத்து வெதுவெதுப்பாக இருக்க, விரல்கள் மட்டும் ஐஸ் மாதிரி இருந்தன. கடைசியாக எப்போது ஒன்றுக்குப் போனாய் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "காலைல போனேன்" என்றாள்.

வேறொரு மருத்துவமனையின் எமர்ஜென்சிக்குக் கூட்டிப் போனோம். அங்கே பணியில் இருந்த சிஸ்டர் கோலார் தங்கவயல்காரர். மெஷினில் பி.பி. 100/80 என்று காட்டியது. நாடி 108. "நூறு இருக்கே, பரவாயில்லையே" என்று மாமா மூச்சு விட்டார். சிஸ்டர் மெஷினை ஒதுக்கிவிட்டு, கையால் காற்றடிக்கும் கருவியைக் கட்டி, ஸ்டெதஸ்கோப் வைத்து இன்னொரு தடவை பார்த்தார். அதே 100, அதே 80. "மேல உள்ள நம்பர மட்டும் பாக்காதீங்கண்ணா. ரெண்டுக்கும் நடுவுல எவ்ளோ இருக்குன்னு பாருங்க" என்று சொல்லிக்கொண்டே டாக்டரைக் கூப்பிடப் போய்விட்டார்.

இருபது. டெங்கு வந்தவருக்கு மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் நடுவே 20 அல்லது அதற்குக் கீழ் இருந்தால், அது அதிர்ச்சி நிலையின் (உறுப்புகளுக்கு ரத்தம் போதாமல் போகும் 'ஷாக்') தொடக்கம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி சொல்கிறது. நன்றாகப் பேசிக்கொண்டு, நடந்து வந்து உட்கார்ந்த என் அக்கா, அந்த நேரத்தில் அந்த அறையிலேயே ஆபத்தான நோயாளிகளில் ஒருத்தி. முந்தின நாள் அவளை வீட்டுக்கு அனுப்பியவர்கள் பார்த்த எண் வேறு, இந்த சிஸ்டர் பார்த்த எண் வேறு. வைரஸ் காய்ச்சலோடு எமர்ஜென்சிக்கு வருகிறவர்களில் யார் மோசமாவார்கள் என்று முன்கூட்டிச் சொல்லும் கலையை நான் தேடித்தேடிப் படிக்க ஆரம்பித்தது அன்றைக்குப் பிறகுதான்.

எமர்ஜென்சி மருத்துவர் முன்னால் இருக்கும் கேள்வி 'இது என்ன நோய்' என்பது மட்டும் அல்ல. 'இவரை இப்போது வீட்டுக்கு அனுப்பினால் நாளை ராத்திரி என்ன ஆகும்' என்பதும்தான். மாரடைப்போ எலும்பு முறிவோ வந்தால் நோய் தன் முகத்தை அப்போதே காட்டிவிடும். வைரஸ் காய்ச்சல் அப்படி இல்லை. டெங்கு, ஃப்ளூ, கோவிட் எல்லாவற்றிலும் முதல் இரண்டு மூன்று நாள் எல்லாருக்கும் ஒரே மாதிரிதான்: காய்ச்சல், உடம்பு வலி, தலைவலி, வாய்க் கசப்பு. நூற்றில் பெரும்பாலானவர்கள் கஞ்சியும் பாராசிட்டமாலும் போதும் என்று தேறிவிடுவார்கள். சிலர்தான் சரிவார்கள். அந்தச் சிலர் முதல் நாளில் மற்றவர்களைப் போலவே வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த நோய்களில் உடம்பு மோசமாகும் நேரமும் வைரஸ் உச்சத்தில் இருக்கும் நேரமும் ஒன்றல்ல. கோவிட்டில் முதல் வாரம் வைரஸின் வாரம். நுரையீரல் கெடுவது பெரும்பாலும் ஏழாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கட்டுமீறி எரியும்போது. ஃப்ளூவில் சிலருக்கு ஒரு வாரத்தில் தேறி வந்த பிறகு பாக்டீரியா நிமோனியா வந்து சேரும். டெங்குவிலோ, காய்ச்சல் இறங்குகிற நாளே கண்டம். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் விடும். அந்த நேரத்தில்தான் சிலருக்கு ரத்தக்குழாய்ச் சுவர்கள் கசிய ஆரம்பிக்கும். ரத்தத்தின் நீர்ப்பகுதி வயிற்றுக்குள்ளும் நெஞ்சுக்குள்ளும் இறங்கும். இந்தக் கசிவு 24 முதல் 48 மணி நேரம். அதைத் தாண்டிவிட்டால் உடம்பு தானாகவே மூடிக்கொள்ளும்.

அந்த 48 மணி நேரத்தில் உடம்பு செய்கிற வேலையைப் புரிந்துகொண்டால் 100/80 ஏன் அவ்வளவு மோசம் என்று தெரியும். குழாயில் ரத்தம் குறைகிறது. மூளைக்கும் இதயத்துக்கும் போவது குறையக் கூடாது என்று உடம்பு கை, கால், குடல், சிறுநீரகத்துக்குப் போகும் சிறு குழாய்களை இறுக்கிப் பிடிக்கிறது. இறுக்கினால் கீழ் எண் ஏறும். மேல் எண் அப்படியே நிற்கும். விரல் சில்லிடுவதும், சிறுநீர் குறைவதும், வயிறு வலிப்பதும் இதே கதையின் பகுதிகள்தான். மூளைக்கு ரத்தம் போய்க்கொண்டே இருப்பதால் நோயாளி தெளிவாகப் பேசுவார். அதுதான் ஏமாற்றிவிடுகிறது. மேல் எண் விழும் வரைக்கும் காத்திருந்தால், அதற்குள் உடம்பு தன் கையிருப்பையெல்லாம் செலவழித்து முடித்திருக்கும்.

2009-இல் உலக சுகாதார நிறுவனம் டெங்குவுக்கான பழைய வகைப்பாட்டை மாற்றி எச்சரிக்கை அறிகுறிகளை முன்னுக்குக் கொண்டுவந்தது இதற்காகத்தான். விடாத வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், சோர்ந்து கிடப்பது அல்லது நிலைகொள்ளாமல் புரள்வது, கல்லீரல் வீக்கம், நீர் கோர்ப்பது, பிளேட்லெட் வேகமாக இறங்கும்போதே ரத்தம் கெட்டிப்படுவது. ரத்தம் கெட்டிப்படுவதுதான் கசிவின் நேரடிச் சாட்சி. லேப் ரிப்போர்ட்டில் அது பி.சி.வி. (ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்ற அளவு) என்ற பெயரில் பிளேட்லெட்டுக்கு மேலே எங்கோ ஒரு வரியில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். அக்காவுக்கு முதல் ரிப்போர்ட்டில் அது 36. மாமாவின் போனில், வாட்ஸப்பில் இருந்தது. எமர்ஜென்சியில் எடுத்தது 44. இரண்டுமே தனித்தனியாகப் பார்த்தால் பெண்களுக்கு இயல்பான அளவுக்குள்தான் வரும். லேப் தடித்த எழுத்தில் போடாது, நட்சத்திரம் குத்தாது. 36-இலிருந்து 44 என்பது 22 சதவீத ஏற்றம். 20 சதவீதம் ஏறினாலே கசிவு என்று வைத்துக்கொள்ள வேண்டும். அந்த வாட்ஸப் படம் இல்லாவிட்டால் 44 என்பது வெறும் 44.

நான் படித்ததிலிருந்தும் பார்த்ததிலிருந்தும் உறுதியாகச் சொல்ல முடிவது இதுதான்: யார் சரிவார்கள் என்பதை ஒரு எண் சொல்வதில்லை, இரண்டு எண்களுக்கு நடுவில் நடந்த மாற்றம்தான் சொல்கிறது. எமர்ஜென்சியில் எடுக்கும் அளவுகள் ஒரு நிமிஷத்துப் படம். நோயோ ஓடிக்கொண்டிருக்கிறது.

இனி பிளேட்லெட். பெங்களூருவில் டெங்கு சீசன் வந்தால் வீட்டுக்கு வீடு பேசப்படும் ஒரே எண் அதுதான். 'எவ்ளோ இருக்கு' என்றால் என்னவென்று கேட்க வேண்டியதில்லை. 2024-இல் கர்நாடக அரசு டெங்குவைக் கொள்ளைநோயாக அறிவித்தது. தனியார் லேப்கள் டெங்குச் சோதனைக்கு வாங்கும் கட்டணத்துக்கும் உச்சவரம்பு வைத்தது, என்.எஸ்.1-க்கு 300 ரூபாய், ஐ.ஜி.எம்.-க்கு 300 ரூபாய் என்று. நல்ல காரியம். ஆனால் அந்தச் சோதனைகள் டெங்கு இருக்கிறதா என்றுதான் சொல்லும். யாருக்கு முற்றும் என்பதைச் சொல்லாது. பிளேட்லெட்டும் தனியாக நின்று அதைச் சொல்லாது. 30,000 இருந்தும் ஒரு சொட்டு ரத்தம் சிந்தாமல் தேறியவர்கள் ஏராளம். 80,000 இருக்கும்போதே அதிர்ச்சிக்குப் போனவர்கள் உண்டு. டெங்குவில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் கசிவு. ரத்தப்போக்கு பல நேரம் அதன் பின்னால்தான் வருகிறது. எண்ணிக்கை 20,000-க்கு இறங்கிய, ஆனால் பெரிய ரத்தப்போக்கு இல்லாத 372 பெரியவர்களிடம் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நடந்த ஆய்வு ஒன்று 2017-இல் லான்செட் இதழில் வந்தது. முன்னெச்சரிக்கையாகப் பிளேட்லெட் ஏற்றியதால் ரத்தப்போக்கு குறையவில்லை. ஏற்றியவர்களுக்குத்தான் பக்கவிளைவுகள் கூடுதல். அப்படியும் ராத்திரி ஒரு மணிக்கு ரத்த வங்கி ரத்த வங்கியாக அலையும் குடும்பங்களை ஒவ்வொரு மழைக்காலத்திலும் பார்க்கிறேன். அந்த அலைச்சலில் நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து கையைத் தொட்டுப் பார்க்க ஆள் இருப்பதில்லை.

பப்பாளி இலைச் சாறும் நிலவேம்புக் கஷாயமும் இதே இடத்தில்தான் என்னைக் கவலைப்பட வைக்கின்றன. கஷாயம் குடிப்பதைப் பற்றி நான் யாரிடமும் சண்டைக்கு நிற்பதில்லை. குடித்தாயிற்று, இனிப் பார்த்துக்கொள்ள வேண்டாம் என்று ஐந்தாம் நாளும் ஆறாம் நாளும் கண்ணை எடுத்துவிடுவதுதான் ஆபத்து. வலி தாங்கவில்லை என்று மெடிக்கலில் புரூஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் வாங்கி விழுங்குவது அதைவிட ஆபத்து. ரத்தப்போக்கை அவை கூட்டும்.

யாருக்கு முற்றும் என்பதற்கு முதல் நாளிலேயே கேட்டு வைக்கக்கூடிய துப்பும் சில உண்டு. டெங்கு வைரஸில் நான்கு வகை. நான்கும் இந்தியாவில் இருக்கின்றன. ஒரு வகை வந்து போனால் அந்த வகைக்கு மட்டும்தான் நீடித்த பாதுகாப்பு. அடுத்த முறை வேறு வகை தொற்றினால், பழைய எதிர்ப்பொருள்கள் வைரஸை அழிக்காமல் அதைச் செல்லுக்குள் ஏற்றிவிடும் வேலையைச் செய்துவிடலாம். கியூபாவில் 1977-இல் முதல் வகை பரவியது, 1981-இல் இரண்டாம் வகை வந்தது. அந்த இரண்டாம் முறை கடுமையாக விழுந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் முன்பு முதல் வகையைச் சந்தித்தவர்கள். ஆகவே 'முன்னாடி டெங்கு வந்திருக்கா' என்ற கேள்வி வெறும் சம்பிரதாயம் இல்லை. கர்ப்பம், கைக்குழந்தை, முதுமை, சர்க்கரை, சிறுநீரக நோய் எல்லாம் இதோடு சேரும்.

உலகம் முழுக்க எமர்ஜென்சிகளும் வார்டுகளும் சரிவை முன்கூட்டிப் பிடிக்கப் பயன்படுத்தும் கருவிகளில் பேர்பெற்றது பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-இல் கொண்டுவந்து 2017-இல் திருத்திய நியூஸ்-2 என்ற மதிப்பெண். மூச்சு எண்ணிக்கை, ஆக்ஸிஜன் அளவு, ஆக்ஸிஜன் வைத்திருக்கிறார்களா என்பது, மேல் ரத்த அழுத்தம், நாடி, நினைவு, உடல் வெப்பம் என்று ஏழு விஷயங்கள். இயல்பிலிருந்து எவ்வளவு விலகியதோ அவ்வளவு புள்ளி. 5 வந்தால் அவசரமாக மருத்துவர் பார்க்க வேண்டும், 7 வந்தால் உடனே தீவிர சிகிச்சைக் குழு வர வேண்டும். காகிதமும் பேனாவும் போதும் என்பதாலும், ஒவ்வொரு சில மணி நேரத்துக்கும் மறுபடி போடச் சொல்வதாலும் எனக்கு இது பிடிக்கும்.

ஆனால் அக்காவின் அளவுகளை வைத்து வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். மேல் அழுத்தம் 100, அதற்கு 2. நாடி 108, அதற்கு 1. மூச்சு 20, ஆக்ஸிஜன் 98, காய்ச்சல் இல்லை, நினைவு தெளிவு. இவை எல்லாவற்றுக்கும் பூஜ்யம். மொத்தம் 3. அவசரம் இல்லை என்ற கட்டத்துக்குள் விழுகிறாள். ஏனென்றால் இந்த மதிப்பெண் கீழ் எண்ணைக் கேட்பதே இல்லை. டெங்கு இல்லாத நாட்டில், அங்கே வருகிற நோயாளிகளுக்காகச் செய்த கருவி அது. அதன் குற்றம் இல்லை. காய்ச்சல் இறங்கியது அதன் பார்வையில் நல்ல செய்தி, டெங்குவில் அதுவே மணி அடிக்கும் நேரம். நாடியை மேல் அழுத்தத்தால் வகுக்கும் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது, 0.5-லிருந்து 0.7 வரை இயல்பு, 0.9-ஐத் தாண்டினால் கவலை. அக்காவுக்கு 1.08. ஒரு வகுத்தல் கணக்கு பிடித்ததை ஏழு விஷய மதிப்பெண் விட்டுவிட்டது. எந்தக் கருவியையும் இங்கே கொண்டுவந்து வைக்கும் முன் நம் நோய்களை வைத்து உரசிப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

அந்த ஏழில் ஒன்றைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும்: மூச்சு எண்ணிக்கை. உடம்பு சரியும்போது முதலில் மாறுகிற அளவுகளில் ஒன்று அது. அதிகமாக அலட்சியப்படுத்தப்படுவதும் அதுவே. நாடி, பி.பி., ஆக்ஸிஜன் மூன்றையும் மெஷின் தந்துவிடும். மூச்சை மனுஷர்தான் எண்ண வேண்டும், முழுதாக ஒரு நிமிஷம். கூட்டம் முண்டும் எமர்ஜென்சியில் யாருக்கு அந்த ஒரு நிமிஷம்? சார்ட்டைப் புரட்டினால் பத்து நோயாளிக்கும் வரிசையாக 20, 20, 20 என்று இருக்கும். அன்று அந்த சிஸ்டர் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்ப்பதுபோல் வைத்துக்கொண்டு, கண்ணை மட்டும் அவள் வயிற்றின் மேல் வைத்திருந்தார். மூச்சை எண்ணுகிறேன் என்று சொன்னால் நோயாளி மூச்சை மாற்றிவிடுவார் என்பதற்காக அந்தச் சாக்கு. உதடு லேசாக அசைந்தது. சுவர்க் கடிகாரத்தின் முள் ஒரு சுற்று முடியும் வரை கையை எடுக்கவில்லை.

மொழியும் இதில் புகுகிறது. பெங்களூரு எமர்ஜென்சியில் தமிழ் பேசும் நோயாளி தன் உடம்பைக் கன்னடம் பேசும் நர்ஸிடம், மலையாளம் பேசும் நர்ஸிடம், இந்தி பேசும் ஜூனியர் டாக்டரிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. 'மயக்கமா இருக்கு' என்று நம் அம்மாக்கள் சொல்கிறார்கள். அதற்கு எத்தனை அர்த்தம்! தலை சுற்றுவதும் மயக்கம், கண் இருட்டிக்கொண்டு வருவதும் மயக்கம், பசியில் தள்ளாடுவதும் மயக்கம், நினைவு தப்பிக் கிடப்பதும் மயக்கம். மதிப்பெண் தாளில் நினைவு என்ற கட்டத்தில் பூஜ்யமா மூன்றா என்பது இந்த ஒரு சொல்லை மொழிபெயர்ப்பவர் கையில் இருக்கிறது. கன்னடத்திலிருந்து பெங்களூருத் தமிழில் புகுந்த 'சுஸ்து'வும் அப்படித்தான். வேலைக் களைப்பும் சுஸ்துதான், அதிர்ச்சியில் துவண்டு கிடப்பதும் சுஸ்துதான். கூட வருகிறவர்கள் ஒற்றைச் சொல்லோடு நிற்காமல் நடந்ததைச் சொன்னால் நல்லது. 'எழுந்து நின்றபோது கண் இருட்டிச்சு', 'மத்தியானத்திலிருந்து கேட்டதுக்குப் பதில் சொல்ல நேரம் எடுக்கிறா', 'பேரனோட பேரை மாத்திச் சொன்னார்'. வயதானவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அவர்களில் பலருக்குக் காய்ச்சலே ஏறாது. சாப்பிடாமல் இருப்பதும் திடீர்க் குழப்பமும் மட்டுமே வெளியே தெரியும்.

கோவிட் இதே பாடத்தை வேறு வழியில் நடத்தியது. ஆக்ஸிஜன் 85-க்கு இறங்கியும் மூச்சு வாங்காமல் போனில் பேசிக்கொண்டிருந்தவர்களை 2021 ஏப்ரல், மே மாதங்களில் இந்த ஊர் பார்த்தது. நோயாளி சொல்வதையும் கண்ணுக்குத் தெரிவதையும் மட்டும் நம்பினால் போதாது என்ற நிலை. கைகொடுத்தது விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர். அதன் அடிப்படைத் தத்துவத்தை 1970-களின் தொடக்கத்தில் கண்டுபிடித்த ஜப்பானியப் பொறியாளர் டகுவோ அயோயாகி, அந்தக் கருவி உலகமெங்கும் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்த 2020 ஏப்ரல் 18-ஆம் தேதி காலமானார். அவர் பெயரைக் கேள்விப்படாதவர்கள் கோடிக்கணக்கில் அவர் கருவியில் விரலை வைத்தார்கள்.

உட்கார்ந்திருக்கும்போது 96 காட்டுகிறவரை ஆறு நிமிஷம் வீட்டுக்குள்ளேயே நடக்கவிட்டு மறுபடி பார்ப்பதும் அப்போது பழக்கத்துக்கு வந்தது. 94-க்குக் கீழே போனாலோ, மூன்று நான்கு புள்ளி இறங்கினாலோ நுரையீரல் கையிருப்பு தீர்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். இதிலும் பேசுவது இரண்டு எண்களுக்கு நடுவில் உள்ள இறக்கம்தான். கருவிக்கும் குறை உண்டு. கறுத்த தோலில் அது உண்மையைவிடக் கூட்டிக் காட்டக்கூடும் என்று 2020 டிசம்பரில் அமெரிக்க ஆய்வு ஒன்று சொன்னது: கருவி 92-லிருந்து 96 வரை காட்டிய நேரத்திலும் உண்மையில் ஆக்ஸிஜன் குறைவாக இருந்தது கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம். நம் தோல் நிறத்துக்கு இது பக்கத்து வீட்டுச் செய்தி அல்ல. நகப்பூச்சு, குளிர்ந்த விரல், மலிவான கருவி எல்லாம் அதோடு சேரும். எண் கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம், ஆனால் அதே விரலில், அதே கருவியில், நேற்றைவிட இன்று இறங்கியிருந்தால் அதை நம்ப வேண்டும்.

கோவிட் காலத்தில் கணினி மாதிரிகளும் குவிந்தன. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், வயது எல்லாவற்றையும் போட்டால் யார் மோசமாவார் என்று சொல்லும் மாதிரிகள். பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த தொடர் மதிப்பீடு ஒன்று இவற்றையும், நோய் இருக்கிறதா என்று கண்டறியும் மாதிரிகளையும் சேர்த்து 232 மாதிரிகளைப் பரிசீலித்தது. ஏறக்குறைய எல்லாமே நம்பத்தகாத முறையில் செய்யப்பட்டவை என்றது. மேற்கொண்டு சோதிக்கத் தகுந்தவை என்று அது எடுத்துச் சொன்னவை இரண்டே இரண்டு. அவற்றில் ஒன்று 35,463 நோயாளிகளின் விவரத்திலிருந்து பிரிட்டனில் உருவான 4சி மதிப்பெண். எட்டு விஷயம், மொத்தம் 21 புள்ளி. 3 வரை வந்தவர்களில் இறந்தவர்கள் நூற்றுக்கு 1.2 பேர், 15-உம் அதற்கு மேலும் வந்தவர்களில் 61.5 பேர். நல்ல கருவிதான். ஆனால் 80 வயது ஆகிவிட்டாலே 7 புள்ளி, 50 வயதுக்குக் கீழ் என்றால் பூஜ்யம். மூன்றில் ஒரு பங்கை வயதே எடுத்துக்கொள்கிறது. அது சொல்வது ஆஸ்பத்திரியில் இறப்பு நேருமா என்பதை. வென்டிலேட்டர் போன்ற மூச்சு உதவியோ தீவிர சிகிச்சையோ தேவைப்படும் அளவுக்குச் சரிவாரா என்பது வேறு கேள்வி. அதற்கென்று அதே குழு 11 விவரங்களை வைத்து இன்னொரு மாதிரியைப் பிறகு செய்ய வேண்டியிருந்தது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது லண்டனில் 2020-இல் நடந்த ஒரு சோதனை. 22 மாதிரிகளை எடுத்து, ஒரே மருத்துவமனையின் 411 கோவிட் நோயாளிகளிடம் ஓட்டிப் பார்த்தார்கள். சரிவை முன்கூட்டிச் சொல்வதில், சாதாரணக் காற்றைச் சுவாசிக்கும்போது எடுத்த ஆக்ஸிஜன் அளவு என்ற ஒற்றை எண்ணைவிட அதிகப் பயன் தந்த மாதிரி ஒன்றும் இல்லை. இறப்பைச் சொல்வதில் வயது என்ற ஒற்றை எண்ணைத் தாண்டியதும் இல்லை.

மாதிரிகள் தோற்பதற்கு ஒரு காரணம் எளிய கணக்கிலேயே இருக்கிறது. ஆயிரம் பேர் காய்ச்சலோடு வருகிறார்கள், அதில் 30 பேர் சரியப்போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்குத் தொண்ணூறு சரியாகச் சொல்லும் கருவி நம்மிடம் இருக்கிறது. அது 30-இல் 27 பேரைப் பிடிக்கும். மீதி 970 பேரில் நூற்றுக்குப் பத்து, அதாவது 97 பேருக்கு வீணாக மணி அடிக்கும். 124 முறை மணி அடித்தால் 27 முறைதான் நிஜம். மூன்றாம் நாளுக்குள் நர்ஸ்கள் அந்த மணிக்குத் திரும்பிப் பார்ப்பதை விட்டுவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனையில், அமெரிக்கா முழுக்கப் பரவியிருந்த செப்சிஸ் (தொற்றால் உறுப்புகள் பழுதாகும் நிலை) எச்சரிக்கை மென்பொருள் ஒன்றைச் சோதித்து 2021-இல் வெளியிட்டார்கள். செப்சிஸ் வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கை அது தவறவிட்டிருந்தது.

வைரஸைத் தேடாமல், வைரஸுக்கு உடம்பு எப்படிப் பதில் சொல்கிறது என்பதை ரத்தத்தில் படிக்கும் முயற்சிகளும் நடக்கின்றன. வெள்ளணுக்களில் எந்தெந்த மரபணுக்கள் விழித்துக்கொண்டன என்று பார்த்து, டெங்கு முற்றுமா என்று முதல் நாட்களிலேயே சொல்ல முடியுமா என ஸ்டான்ஃபோர்டில் பூர்வேஷ் கத்ரியின் குழு பல ஆண்டுகளாக வேலை செய்கிறது. 20 மரபணுக்களில் தொடங்கி 8-க்குக் குறைத்திருக்கிறார்கள். எனக்கு இதில் நம்பிக்கை உண்டு. ஆனால் சிவாஜிநகரிலோ லிங்கராஜபுரத்திலோ இருக்கும் ஒரு சின்ன நர்ஸிங் ஹோமில், ராத்திரி பத்து மணிக்கு, ஒரு ஆட்டோ டிரைவர் தாங்கக்கூடிய விலையில், அரை மணியில் முடிவு வந்தால்தான் அது இந்த ஊருக்குக் கருவி.

அதுவரை எமர்ஜென்சியின் பெரிய முன்கணிப்புக் கருவி வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கும் காகிதம்தான் என்பேன். முதல் மருத்துவமனை அக்காவை வீட்டுக்கு அனுப்பியதே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். நாலாம் நாள், எச்சரிக்கை அறிகுறி எதுவும் இல்லாதபோது, வீட்டுக்கு அனுப்பலாம் என்றுதான் வழிகாட்டியும் சொல்கிறது. காய்ச்சல் விட்ட பிறகு இரண்டு நாள் கண்ணை எடுக்காதீர்கள் என்று சொல்லாமல் அனுப்பியதுதான் தப்பு. நாளைக்கே இன்னொரு சி.பி.சி. (ரத்த அணுக்களை எண்ணும் பரிசோதனை) எடுத்து இந்தத் தாளோடு கொண்டுவாருங்கள். ஆறு மணி நேரத்துக்குள் ஒருமுறையாவது ஒன்றுக்குப் போகவில்லை என்றால் வாருங்கள். வயிறு விடாமல் வலித்தால், வாந்தி நிற்காவிட்டால், கை கால் சில்லிட்டால், ராத்திரி எத்தனை மணியானாலும் வாருங்கள். நாலைந்து வரி. கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் இருப்பது போலவே தமிழிலும் உருதுவிலும் இந்தியிலும் இருந்தால் இந்த ஊரில் எத்தனை வீடுகளுக்கு அது எட்டும். பாதி வீடுகளில் அதைப் படிக்கப்போவது எட்டாவது படிக்கும் பிள்ளைதான். அந்தப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி எழுத வேண்டும்.

அக்காவுக்கு முதல் ஒரு மணி நேரத்தில் சலைன் 500 மில்லி போனது. பிறகு பி.பி. பார்த்தார்கள்: 104/74. இடைவெளி 30. அடுத்த மணி நேரம் வேகத்தைக் குறைத்தார்கள், மறுபடி பார்த்தார்கள். ராத்திரி முழுக்க இப்படித்தான். பி.சி.வி. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. விடியற்காலை நாலரைக்கு அவள் ஒன்றுக்குப் போக வேண்டும் என்று எழுப்பியபோது சிஸ்டர் சார்ட்டில் அளவைக் குறித்துக்கொண்டு, முதல் தடவையாகச் சிரித்தார்.

மூன்றாம் நாள் அக்கா பசிக்கிறது என்றாள். பி.சி.வி. 37. சிஸ்டர் வந்து டிரிப்ஸை மூடினார். "இன்னும் ஒரு பாட்டில் போடலாமே, தெம்பு வருமே" என்று மாமா கேட்டார். "கசிஞ்ச தண்ணியெல்லாம் இப்போ திரும்ப ரத்தத்துக்கு வருதுண்ணா. இனிமே ஏத்தினா நுரையீரல்ல தேங்கும்" என்றார் அவர். அக்காவின் முழங்காலுக்குக் கீழே தோல் சிவந்து, நடுநடுவே வெள்ளைத் திட்டுகளாக அரிக்க ஆரம்பித்திருந்தது. டெங்கு தேறும்போது வருகிற தடிப்பு அது. அவள் சொறிந்துகொண்டே இட்லி கேட்டாள்.